குன்னூரில் நாலு கட்டைக் குரல்

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் நீலகிரி மலை ரயிலைப் பற்றி எழுதாத பத்திரிகை கிடையாது. 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம், 2005-ல் யுனெஸ்கோ கொடுத்த பாரம்பரிய அந்தஸ்து... எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. அதனால் நான் ஒரே ஒரு சமாசாரம்தான் சொல்லப்போகிறேன்.

இந்த ரயிலுக்குக் குன்னூர் வரைக்கும் எஞ்சின் முன்னால் கிடையாது. வால் பக்கம் இருக்கிறது. இழுப்பதில்லை, தள்ளுகிறது. பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி ஏறவேண்டிய பாதை. நடுவழியில் கொக்கி கழன்றால்கூடப் பெட்டிகள் பின்னால் உருண்டுவிடாமல் எஞ்சின் முட்டுக் கொடுக்கும் என்று அப்படி ஓர் ஏற்பாடு.

முதல் பெட்டியில் இருப்பவர்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி செல்ஃபி எடுப்பார்கள். குகை வந்தால் கூச்சல் போடுவார்கள். பின்னால் ஓர் ஆள் முக்கி முனகித் தள்ளிக்கொண்டிருக்கிறான் என்பது யாருக்கும் ஞாபகம் வராது. போன டிசம்பரில், மண் சரிவு எதுவும் இல்லாத ஓர் அதிர்ஷ்டமான காலையில், நானும் முதல் பெட்டியில்தான் இருந்தேன். எனக்கும் ஞாபகம் வரவில்லை.

ஞாபகப்படுத்தியவர்கள் நாலு பேர். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

"டேய் மாப்ளே, இந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ குன்னூர் வந்தே ஆகணும்" என்று போன் செய்தவன் என் கல்லூரி நண்பன். கோவையில் மூன்று வருஷம் ஒன்றாக பி.காம். படித்து, ஒன்றாக அரியர்ஸ் வைத்தவர்கள் நாங்கள். இப்போது ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறான். பகலில் லெட்ஜர், சாயங்காலம் சர்ச் பேண்டில் ட்ராம்போன்.

"என்ன விசேஷம்?"

"டிரம்பெட் வாசிக்கிற பசங்க மூணு பேரும் போயிட்டாங்கடா. ஒருத்தன் பெங்களூர், ஒருத்தன் சென்னை, ஒருத்தன் கல்யாணம்."

"கல்யாணம்கிறது எந்த ஊர்ல இருக்கு?"

"கடிக்காத. மிச்சம் இருக்கிறது நாலே பேரு. நாலும் கட்டைக் குரல். மேல் ஸ்தாயிக்கு ஆளே இல்ல. 'இருக்கிற நாலு பேரே கேரல் ரவுண்ட்ஸ் போறோம்'னு மாஸ்டர் சொல்லிட்டாரு. வந்து கேளு. ஆனா சிரிக்காம கேளு."

சிரிக்காமல் கேட்பதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியவில்லை. பேண்டில் கீழ்க்குரல் குழல்கள் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாண ஊர்வலம்தான். டிரம்பெட்காரர் சினிமாப் பாட்டை ஜோராக வாசித்து மாப்பிள்ளையின் மாமாவிடம் நூறு ரூபாய் வாங்குவார். பக்கத்தில் ஒரு தடித்த குழலைக் கட்டிக்கொண்டு ஒருவர், அஜீரணம் வந்த யானை மாதிரி, 'பூம்... பூம்...' என்று முனகிக்கொண்டே வருவார். அவருக்கு யாரும் பத்து ரூபாய்கூடக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

*

ஒத்திகை, சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில். மூலையில் கரி அடுப்பு. நாலு நாற்காலி. நாலு குழல்.

மாஸ்டரிடம் யூஃபோனியம். குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது போல வைத்து வாசிக்கிற வாத்தியம். 'இனிய குரல்' என்று அர்த்தம் வரும் கிரேக்க வார்த்தையிலிருந்து வந்த பெயர். என் நண்பனிடமும் ஒரு பேக்கரிக்காரரிடமும் ட்ராம்போன். பொத்தானே கிடையாது; குழாயை நீட்டி மடக்கி வாசிக்க வேண்டும். ஏழு நிலைகள். எங்கே நிறுத்துவது என்பதற்குக் கோடு, புள்ளி எதுவும் போட்டிருக்காது, காதுதான் கணக்கு. சின்ன அறையில் ட்ராம்போன்காரருக்கு எதிரே உட்காரக் கூடாது என்பதை என் மூக்குக் கண்ணாடி முதல் பத்து நிமிடத்திலேயே கற்றுக்கொண்டது.

நாலாவது, ட்யூபா. 1835-ல் பெர்லினில் காப்புரிமை வாங்கிய வாத்தியம். இவர்களுடைய ட்யூபாவின் குழாயைச் சுருள் பிரித்து நீட்டினால் 18 அடி வரும். அதை வைத்திருந்தவன் இருபது வயசுப் பையன். டிப்ளமோ முடித்தவன். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். அவன் குழலைத் தூக்கி மடியில் வைத்ததும் ஆள் மறைந்துவிட்டான். இரண்டு முழங்கால் மட்டும் தெரிந்தது.

"எல்லா வீடியோலயும் இப்படித்தான் சார்" என்றான் குழலுக்குப் பின்னாலிருந்து. "அம்மா, 'நீ எங்கடா இருக்கே?'ன்னு கேக்கறாங்க. 'அந்தப் பெரிய ஓட்டைக்குப் பின்னாடி'ன்னு சொல்றேன்."

மாஸ்டருக்கு எழுபது தாண்டிவிட்டது. ராணுவ பேண்டிலிருந்து ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டவர். குன்னூருக்கு அடுத்த ஸ்டேஷன் வெலிங்டன். 1758-ல் வேர் விட்ட மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் 1947 முதல் அங்கேதான் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கத்து மலைக்காற்றுக்கு பேண்டு சத்தம் பழக்கம்தான்.

"நம்ம நாட்டுக்கே பழக்கம் சார்" என்றார் மாஸ்டர். "தஞ்சாவூர் சரபோஜி மகாராஜா வெள்ளைக்கார பேண்டு வெச்சிருந்தாரு. முத்துசாமி தீட்சிதர் வெள்ளைக்கார பேண்டு மெட்டுங்களைக் கேட்டு சமஸ்கிருதத்துல சாகித்தியம் எழுதினாரு. சுமார் நாப்பது இருக்கும். அவங்க ராஜா பாட்டு மெட்டுக்கே ஒண்ணு எழுதியிருக்காரு."

நோட்டுஸ்வரம் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடுவது அதுதான். தீட்சிதர் 1835-ல் காலமானார். ட்யூபா பிறந்த அதே வருஷம்!

மாஸ்டர் ராணுவத்தில் முதலில் வாசித்தது டிரம்பெட் வகையறா. எல்லா மெட்டும் அவர் உதட்டில்தான். பிறகு முன்பல் ஆட ஆரம்பித்தது.

"பல் போனா சொல் போச்சுங்கறது பழமொழி. எங்க தொழில்ல பல் போனா பாட்டே போச்சு. டிரம்பெட் வாய்முனை சின்னது, கொஞ்சூண்டு உதட்டுல அத்தனை அழுத்தமும் விழும். பின்னாடி பல் முட்டுக் கொடுக்கணும். யூஃபோனியம் வாய்முனை அகலம். ட்யூபாவுக்கு, டிரம்பெட்டை மாதிரி ரெண்டு மடங்கு அகலம். அதனால கீழ இறங்கிட்டேன். முதல்ல பதவி இறக்கம் மாதிரி இருந்துச்சு. ஆறு மாசம் வீட்ல யார்கூடவும் பேசலை."

"அப்புறம்?"

"அப்புறம் கீழே என்ன நடக்குதுன்னு கேக்க ஆரம்பிச்சேன்."

*

பி.காம். புத்தியோடு கேட்டேன்: "நாலும் கட்டைக் குரல்னா பாட்டு கதம்பமா ஆயிடாதா?"

மாஸ்டருக்குக் கேள்வி பிடித்துவிட்டது. இரண்டு ட்ராம்போனையும் ட்யூபாவையும் மிகக் கீழே, பக்கம் பக்கமான ஸ்வரங்களை வாசிக்கச் சொன்னார். மணல் லாரி ரிவர்ஸ் எடுப்பது மாதிரி ஒரு இரைச்சல். பிறகு ட்யூபாவை மட்டும் கீழேயே விட்டு, மற்றவர்களை நன்றாக மேலே தள்ளி வைத்தார். இப்போது அறை நிறைந்தது. கரி அடுப்புகூட இன்னும் கொஞ்சம் சூடாக எரிந்த மாதிரி எனக்கு ஒரு பிரமை.

"கீழ் ஸ்தாயியில நெருக்கி வீடு கட்டினா இருட்டாயிரும் சார். இடம் விட்டுக் கட்டணும். மேல போகப் போக நெருக்கலாம். அவ்வளவுதான் வித்தை."

"நாலு பேர் போதுமா?"

இதற்கு பேக்கரிக்காரர் பதில் சொன்னார்: "நம்ம ஊர்ல நாலு பேர் போதும்னு சொல்றது வேற ஒரு காரியத்துக்குத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பாருங்கள், பீத்தோவன் 1812-ல் லின்ஸ் நகரத்தில் இருந்தபோது நாலே நாலு ட்ராம்போனுக்காக மூன்று சின்ன உருப்படிகள் எழுதியிருக்கிறார். எதற்கு? கல்லறைத் திருநாளுக்கு! 1827-ல் அவருடைய இறுதிச் சடங்கிலும் அவற்றில் இரண்டு ஒலித்தன. ஆக, 'நாலு பேர்' விஷயத்தில் வியன்னாவும் நம் ஊர்தான்.

கீழ்க்குழல்காரர்களே கூடிக் கேரல் வாசிப்பதும் உலகத்துக்குப் புதிதில்லை. நியூயார்க்கில் ஹார்வி ஃபிலிப்ஸ் என்ற ட்யூபாக் கலைஞர், தன் குருநாதர் வில்லியம் பெல்லின் நினைவாக 1974 டிசம்பர் 22 அன்று முன்னூறுக்கும் மேற்பட்ட ட்யூபா, யூஃபோனியம்காரர்களை ராக்கஃபெல்லர் சென்டரின் பனிச்சறுக்கு மைதானத்தில் திரட்டி கேரல் வாசிக்க வைத்தார். குருநாதர் பிறந்தது 1902-ல், சாட்சாத் கிறிஸ்துமஸ் அன்று! ஒரு டிரம்பெட்கூட இல்லாத அந்தக் கச்சேரி இன்று 'ட்யூபா கிறிஸ்துமஸ்' என்ற பெயரில் ஊர் ஊராக நடக்கிறது.

இதை நான் சொன்னதும் ட்யூபாப் பையன் குழலுக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டினான்.

"முன்னூறு பேரா? யாரு சார் கேட்டாங்க?"

*

யாருக்கு எந்தக் கேரல் பிடிக்கும் என்று விசாரித்தேன். ஆளுக்கொரு காரணம்.

மாஸ்டருக்கு 'ஹார்க் தி ஹெரால்ட்'. சார்லஸ் வெஸ்லி பாட்டு எழுதியது 1739-ல். மெட்டு மெண்டல்சனுடையது, வந்தது நூறு வருஷம் கழித்து. 1840-ல் லைப்ஸிக் நகரத்தில் கூட்டன்பர்க்கின் அச்சுக்கலைக்கு 400-வது ஆண்டு விழா. அதற்காக ஆண் குரல்களையும் பித்தளைக் குழல்களையும் வைத்து அவர் போட்ட மெட்டு இது. பக்திப் பாட்டுக்கு இது சரிப்படாது என்று அவரே எழுதினார். கேட்டார்களா? 1855-ல் கம்மிங்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் பாட்டையும் மெட்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். "இது பித்தளைக்குன்னே பிறந்த மெட்டு சார். சொந்த வீட்டுக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கும்" என்றார் மாஸ்டர். அச்சுக்கலைக்கு எடுத்த பாட்டு என்பதால் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்ற முறையில் நானும் அதற்கு ஓட்டுப் போட்டேன்.

பேக்கரிக்காரருக்கு 'சைலன்ட் நைட்'. நம் சர்ச்சுகளில் 'ஒப்பில்லா திரு இரா'. 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் என்ற சின்ன ஊரில், பாதிரியார் யோசஃப் மோர் எழுதிய கவிதைக்கு க்ரூபர் மெட்டுப் போட, கையில் ஒரு கிதாரோடு முதன்முதலாகப் பாடினார்கள். "நான் ராத்திரி மூணு மணிக்கு வர்க்கி போட எந்திரிப்பேன். குன்னூரே தூங்கும். அந்த நேரத்துக்கு இந்தப் பாட்டுதான். ட்ராம்போனை மெதுவா ஊதறதுதான் கஷ்டம். சத்தமா ஊத யாராலயும் முடியும்" என்றார். அவர் கொண்டுவந்திருந்த வர்க்கியின் மொறுமொறுப்பில் கேள்வியையே மறந்துவிட்டேன்.

என் நண்பனுக்கு 'காட் ரெஸ்ட் யூ மெரி'. சோக சாயல் உள்ள பாட்டு. கட்டைக் குரலுக்குக் கச்சிதம். ஆனால் அவன் சொன்ன காரணம் வேறு. டிக்கன்ஸ் 1843-ல் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையில் ஸ்க்ரூஜ் என்ற கஞ்ச முதலாளியின் ஆபீஸ் சாவித்துவாரத்தில் வாய் வைத்து ஒரு பையன் பாடுவது இந்தப் பாட்டைத்தான். ஸ்க்ரூஜ் ரூலரைத் தூக்கிக்கொண்டு வர, பையன் ஓட்டம். "டிசம்பர்ல ஆபீஸ்ல உக்காந்து கணக்கு எழுதறவன் வேற எந்தப் பாட்டைடா வாசிப்பான்?"

ட்யூபாப் பையன் மட்டும் உதட்டைப் பிதுக்கினான். "எந்தப் பாட்டா இருந்தா என்ன சார்? எனக்கு எல்லாம் ஒரே பூம் பூம்தான்."

ஒத்திகை முடிந்து இறங்கி வரும்போது நண்பன் விஷயத்தைச் சொன்னான். பையனுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. ஜனவரி 2-ம் தேதி சேரவேண்டும். நல்ல சம்பளம். போகாதே என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் இந்த ஊரில் ட்யூபா தூக்க வேறு ஆள் இல்லை. டிரம்பெட் போனால் யூஃபோனியத்தை வைத்துச் சமாளிக்கலாம். ட்யூபா போனால்?

"மாஸ்டர் என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லலை. 'குட் கிங் வென்செஸ்லாஸ்' பாட்டை எடுத்து அவனுக்காகத் திருப்பி எழுதிக்கிட்டிருக்காரு."

அந்தப் பாட்டில் ஒரு ராஜா, ஒரு வேலைக்காரப் பையன். பனியில் ஏழை வீட்டுக்கு விறகும் சாப்பாடும் கொண்டுபோகிறார்கள். பையன் குளிரில் தளர்ந்துபோக, 'என் காலடித் தடத்தில் கால் வைத்து வா' என்கிறார் ராஜா. எழுதியவர் ஜான் மேசன் நீல், 1853. மெட்டு 1582-ல் அச்சான ஒரு பழைய புத்தகத்திலிருந்து எடுத்தது. அங்கே அது வசந்தகாலப் பாட்டு! வழக்கமாக ராஜா சொல்வதைக் கட்டைக் குரலும் பையன் சொல்வதை மெல்லிய குரலும் பாடும். மாஸ்டர் ராஜாவை ட்யூபாவுக்குக் கொடுத்துவிட்டார். வேலைக்காரப் பையன் பாகம் தனக்கு.

*

கேரல் ரவுண்ட்ஸ் ராத்திரி. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனால் ஓர் எஸ்டேட். லைன் வீடுகள். தேயிலைச் சரிவெல்லாம் நிலா வெளிச்சத்தில் கறுப்பு ஜமக்காளம் விரித்த மாதிரி. நாலைந்து டிகிரிதான் இருக்கும். நான் ஸ்வெட்டர், அதன் மேல் கோட், அதன் மேல் நண்பனின் மனைவி கொடுத்த சால்வை, தலைக்கு மங்கி குல்லா. என்னைப் பார்த்த ஒரு குழந்தை கிறிஸ்துமஸ் தாத்தா நான்தான் என்று நினைத்து மிட்டாய் கேட்டது. பி.காம். என்பதால் காணிக்கை டப்பா என் கையில்.

மாஸ்டர் நாலு வாய்முனைகளையும் சட்டைக்குள் வைத்து அடைகாத்துக்கொண்டு வந்தார். குளிர்ந்த பித்தளையில் உதடு வைக்கக் கூடாது. அதைவிடப் பெரிய தொல்லை சுருதி. காற்று குளிரக் குளிர அதில் ஒலி போகும் வேகம் குறையும். ஒரு டிகிரிக்கு வினாடிக்கு 0.6 மீட்டர் அளவுக்கு. வேகம் குறைந்தால் குழலின் சுருதி இறங்கும். குழலுக்குள் பத்து டிகிரி குறைந்தால் அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே போய்விடும். கூட வந்த சர்ச் பையன் ஒருவனிடம் கிதார் இருந்தது. குளிரில் கம்பி சுருங்கி அது மேலே ஏறும். கிதார் ஏற, குழல் இறங்க, மாமியார் மருமகள் கதைதான். மாஸ்டர் கிதாரைப் பையில் போடச் சொல்லிவிட்டார். நாலு குழலும் சேர்ந்து இறங்கினால் தகராறு இல்லை.

முதல் வீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு. குழந்தைகள் கேட்டதெல்லாம் 'ஜிங்கிள் பெல்ஸ்'. 1857-ல் பியர்பான்ட் எழுதிய அந்தப் பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற வார்த்தையே கிடையாது என்பது அவர்களுக்கு எதற்கு? ட்யூபா 'ஜிங்கிள் பெல்ஸ்' வாசித்தால் யானை ஸ்கிப்பிங் ஆடுவது மாதிரி இருக்கும். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும். பையன் மட்டும் சிரிக்கவில்லை.

கடைசி வரிசையில் ஒரு திண்ணை. போர்வைக்குள் ஒரு பாட்டி. எண்பது வயசு இருக்கும். இலங்கையில், கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்து இந்த மலையில் கொழுந்து பறித்தவர். அவர் வீட்டுச் சுவரில் முருகன் படம். ஆனாலும் கேரல் வந்தால் திண்ணைக்கு வந்துவிடுவாராம்.

'பக்தரே வாரும்' ஆரம்பித்தார்கள். கம்பீரமான பாட்டு. கீழே ட்யூபா ஒவ்வொரு படியாக நடந்து போக, மேலே மற்றவை அதன் தோளில் ஏறி நிற்கும். முதல் சரணம் அமர்க்களம். இரண்டாவது சரணத்தில் திடீரென்று ட்யூபா நின்றுவிட்டது. பையன் பொத்தானை அமுக்குகிறான். அமுங்கியது மேலே வரமாட்டேன் என்கிறது. குளிரில் எண்ணெய் இறுகிக்கொண்டதோ, மூச்சின் ஈரம் போய் அடைத்துக்கொண்டதோ, தெரியாது. மற்ற மூன்று பேரும் நிறுத்தாமல் வாசித்தார்கள்.

மெட்டு அப்படியே இருந்தது. ஒரு ஸ்வரம் பிசகவில்லை. ஆனால் என்னவோ ஆகிவிட்டது. தரை இல்லாத வீட்டுக்குள் நுழைந்த மாதிரி. சங்கீதம் தெரியாத எனக்கே வயிற்றில் ஒரு தொய்வு.

பாட்டி போர்வையை விலக்கினார்.

"ஏம்ப்பா, பாட்டுக்குக் காலு ஒடஞ்சு போச்சு?"

வாசிப்பது நின்றது. பாட்டி கையை நீட்டிப் பையனைக் காட்டினார்.

"அந்தப் பெரிய குழல்காரத் தம்பி ஏன் நிறுத்திப்புடுச்சு? நான் உள்ள படுத்திருந்தேன். மொத லயத்துல நீங்க வாசிக்கும்போதே அது ஒண்ணுதான் என் காதுக்கு வந்துச்சு. அதைக் கேட்டுத்தானே எந்திரிச்சு வந்தேன்?"

பாட்டி சொன்னது அத்தனையும் நிஜம். காற்று, கீச்சுக் குரல்களைத்தான் சீக்கிரம் தின்னும். கட்டைக் குரல் தூரம் போகும். ஊர்வலம் தெருமுனையில் இருக்கும்போது நம் காதுக்கு வருவது பேஸ் டிரம்தானே?

"எங்க வீட்டுக்காரரு கண்டித் தோட்டத்துல தப்பு அடிக்கிறவரு" என்றார் பாட்டி. "விடியக்காலை பெரட்டுக்கு ஆள் கூப்பிட அவரு தப்புதான். மலைக்கு அந்தப் பக்கத்து லயத்துக்கும் கேக்கும். காமன் கூத்துல பாடறவுகளை எல்லாரும் பாப்பாக. தப்பு அடிக்கிறவரை யாரு பாத்தா? ஆனா தப்பு நின்னா அவ்வளவு ஆட்டமும் நின்னுரும்ல?"

சொல்லிவிட்டு உள்ளே போனார். சுடுதண்ணீரில் நனைத்த துணியோடு வந்தார். மாஸ்டர் அதை வாங்கிப் பொத்தான்கள் இருக்கும் உருளைகளின் மேல் சுற்றினார். பையன் தன் சால்வையைக் கழற்றி அதற்கு மேல் போர்த்தி, குழலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றான். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். பொத்தான் மேலே வந்துவிட்டது.

மாஸ்டர், 'பக்தரே வாரும்' மறுபடி எடுக்கச் சொல்லவில்லை. "ராஜா பாட்டு" என்றார்.

ராஜா பேசினார். அதாவது, ட்யூபா பேசியது. 'பூம் பூம்' இல்லை, முழு வாக்கியம். தேயிலைச் சரிவில் அது உருண்டு போய் எதிர் மலையில் தட்டித் திரும்பியது. மாஸ்டரின் யூஃபோனியம் பதில் சொன்னது. கொஞ்சம் நடுங்கிய பதில். குளிரா, பல்லா, வயசா தெரியாது. மறுபடி ராஜா: என் காலடித் தடத்தில் கால் வைத்து வா. எழுபது வயசுக்காரர் இருபது வயசுக்காரனுக்குப் பின்னால் அடி வைத்து வந்தார்.

டப்பாவில் அன்று சேர்ந்தது 1,860 ரூபாய். அதில் கசங்கிய பத்து ரூபாய் ஒன்று மட்டும் டப்பாவில் விழவில்லை. பாட்டி அதை நேரே பையன் சட்டைப் பையில் செருகினார். கணக்கில் காட்டவா, வேண்டாமா என்று நண்பனைக் கேட்டேன். "அது சம்பளம்டா. காணிக்கையில வராது" என்றான்.

*

ஜனவரி 1-ம் தேதி சாயங்காலம். திரும்பும்போதும் மலை ரயில். பையனும் அதே ரயிலில், ஒரு சூட்கேஸோடு. ட்யூபா சர்ச் அறையில், மாஸ்டர் பொறுப்பில். இறங்கும்போது எஞ்சின் முன்னால் இருக்கிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். ஏறும்போது தள்ளிய அதே ஆள், இறங்கும்போது ரயில் உருண்டுவிடாமல் நெஞ்சைக் கொடுத்துத் தாங்குகிறான். எப்போதும் கீழ்ப் பக்கம்தான் அவன் இடம்.

பையன் ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். கல்லாறு நெருங்கும்போது வாயைத் திறந்தான்.

"சார், நீங்க பி.காம்.தானே?"

"அப்படித்தான் சர்ட்டிபிகேட்ல போட்டிருக்கு."

"புதுசா சேர்றவனுக்கு டிசம்பர்ல நாலு நாள் சேர்ந்தாப்ல லீவு தருவாங்களா?"

"இன்னும் சேரவே இல்ல, அதுக்குள்ள லீவா? கேட்டுப் பாரு தம்பி. தரலைன்னா இருக்கவே இருக்கு, பாட்டி செத்துப்போச்சுன்னு சொல்லு. நாங்கள்லாம் அப்படித்தான்."

பையன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"வேணாம் சார். பாட்டி நல்லா இருக்கட்டும். வேற ஏதாவது சொல்லிக்கறேன்."